செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

முருகவேலைப் பற்றி யாராவது கேட்டால், இரண்டு ஜோடிச் செருப்புக்காரர் என்றுதான் சொல்வேன். ஒன்று ஆபீசுக்கு, இன்னொன்று நிலத்துக்கு. மாதத்தில் ஒரு நாளாவது சேற்றுச் செருப்போடு ஆபீசுக்கு வந்துவிட்டு, மேஜைக்கு அடியில் காலை ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மாவட்டம் புதிதாகப் பிரிந்த 1989-இல் நாங்கள் இருவரும் திருவண்ணாமலை கலெக்டர் ஆபீசில் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அன்று முதல் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நல்ல மனிதர். ஆனால் ஆபீசில் இருக்கும்போது கடலைச் செடியையே நினைத்துக்கொண்டிருப்பார். நிலத்துக்குப் போனால் ஃபைல் ஞாபகம் வந்துவிடும். எங்கேயும் முழுசாக இருந்து நான் பார்த்ததில்லை.

கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்தில் ஒன்றரை ஏக்கர். பட்டா அவர் பேரில், பாடு முழுக்க மனைவி அருணாதேவிக்கு. காலை எட்டு மணி பஸ்ஸை இவர் பிடித்துவிட்டால், களை, மருந்து, மோட்டார், மடை எல்லாம் அந்த அம்மாள்தான்.

கிணறு மூன்று பேருக்குப் பொது. முருகவேல், அண்ணன் சின்னசாமி, சித்தப்பா பரசுராமன் ஆகிய மூவருக்கும் வாரத்தில் ஆளுக்கு இரண்டு நாள் முறை. திங்கட்கிழமை யாரும் மோட்டார் போடுவதில்லை. முருகவேலின் முறை செவ்வாயும் வெள்ளியும். இரண்டுமே ஆபீஸ் நாள்.

2000-ஆம் வருஷம் மாசி மாதம் ஒரு நாள் அருணாதேவி பொறுமை இழந்து, "என்னைக்காவது ஒரு நாள் என்கூட வந்து மடை திறந்திருப்பீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அது இவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. உடனே அண்ணனிடம் போய், செவ்வாயைக் கொடுத்து ஞாயிற்றுக்கிழமையை வாங்கிவிட்டார். ஆபீசில் ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்தால் வேறு ஒரு நாள் லீவு எடுத்துக்கொள்கிறோமே, அப்படித்தான் நினைத்தார்.

"அண்ணன் மறுபேச்சு பேசல மேடம், உடனே சரின்னுட்டாரு. இனிமே ஞாயித்துக்கிழமை நானும் அவளோட நிப்பேன்," என்று என்னிடம் வந்து சொன்னபோது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அடுத்த வாரம் அந்தச் சந்தோஷம் காணாமல் போயிருந்தது. அதற்கடுத்த வாரம் டிபன் பாக்ஸும் வரவில்லை.

"பேசவே மாட்டேங்கிறா. கூட வரலைன்னு கோவிச்சா, வந்து நின்னேன். இப்ப இன்னும் ஜாஸ்தி கோவம். எனக்கு ஒண்ணுமே புரியல மேடம்."

எனக்கும்தான் புரியவில்லை.

திங்கட்கிழமை எங்கள் ஆபீசில் மனு வாங்கும் நாள். வாசல் வரைக்கும் வரிசை நிற்கும். மனுவை வாங்கிப் பதிவேட்டில் ஏற்றுவது முருகவேலின் வேலை. அடுத்து வந்த திங்கட்கிழமை மதியத்துக்குள் நூறு பேருக்கு மேல் ஆகிவிட்டது. தலை நிமிராமலே எழுதிக்கொண்டிருந்தார்.

"பேரு?"

"அருணாதேவி."

எழுதினார். கல்யாணமாகிப் பத்து வருஷமாகக் கேட்ட குரல், அதுகூட உறைக்கவில்லை.

"வீட்டுக்காரர் பேரு?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்த அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லும்மா, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

"முருகவேல். இங்கதான் வேலை செய்றாரு."

பேனா நின்றது. என்ன கோரிக்கை என்று நான்தான் கேட்டேன்.

"எனக்குச் செவ்வாக்கிழமை தண்ணி வேணும் மேடம். திங்கக்கிழமை மோட்டார் ஓடாததால கிணறு நல்லா ஊறி நிக்கும். செவ்வா அன்னைக்குதான் மேட்டுப் பாத்தி வரைக்கும் பாயும். ஞாயித்துக்கிழமை அரை மணி நேரத்துல தண்ணி வத்தி மோட்டார் காத்து இழுத்துடுது. இப்ப கடலைக்கு விழுது எறங்குற நேரம். ஈரம் இல்லைன்னா காய் பிடிக்காது." முருகவேல் பக்கம் திரும்பினார். "கூட வாங்கன்னுதான் சொன்னேன். முறையை மாத்துங்கன்னு சொல்லல. பத்து வருஷமா தண்ணி கட்டுறவ நான். என்னை ஒரு வார்த்தை கேக்கல."

மனுவை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். முருகவேல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் தினமும் சொல்லும் "ஆவன செய்யப்படும்" அன்று அவர் வாயில் வரவில்லை.

அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறார். "சொன்ன வார்த்தை சொன்னதுதான்டா," என்று சின்னசாமி பிடிவாதம் பிடித்தார். பரசுராமன் சித்தப்பா முன்னால் இவர், "தெரியாம மாத்திட்டேன். தண்ணி கட்டுறது அவ. அவளைக் கேக்காம மாத்த நான் யாரு?" என்று ஒப்புக்கொண்டார். படித்த ஆள், ஆபீஸ் ஆள் என்று தெருவில் பேர் வாங்கியவர் அப்படிச் சொல்வது சின்ன விஷயம் இல்லை. சித்தப்பாதான் முடித்து வைத்தார்: "செவ்வா முறை திரும்பப் போவட்டும். இனிமே கிணத்து விஷயம்னா மருமகளாண்டயே பேசிக்கிறோம்."

மறுநாள் தண்ணீர் பாய்ந்தது. ஆனால் மேட்டுப் பாத்தியில் பாதிச் செடி அதற்குள் சுருண்டுவிட்டிருந்தது.

"ஆபீசுக்குப் போங்க, நான் பாத்துக்கறேன்னு சொல்றா," என்றார் முருகவேல். "கோவத்துல சொல்றாளா, நிஜமாவே சொல்றாளா?"

"அவங்களையே கேளுங்களேன்," என்றேன்.

இது தனக்குத் தோன்றவே இல்லையே என்பது போல என்னைப் பார்த்தார்.

புதன்கிழமை ஒரு லீவு விண்ணப்பத்தோடு வந்தார். அடுத்த செவ்வாய்க்கு. காரணம் என்ற இடத்தில், "மனைவி வரச் சொன்னதால்" என்று எழுதியிருந்தார். எங்கள் அதிகாரி சக்கரபாணி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார்.

"இன்னாய்யா இது? சொந்த வேலைன்னு எழுதிட்டுப் போயேன்."

"அவளைக் கேட்டு வாங்கின நாள் சார். அப்படியே இருக்கட்டும்," என்றார் முருகவேல். சக்கரபாணி தலையில் அடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

லீவு முடிந்து மறுநாள் சேற்றுச் செருப்போடு வந்தார். காலை ஒளிக்கவில்லை.

"ரெண்டு பாத்தி வரப்பை உடைச்சுட்டேன் மேடம். தண்ணி எங்கெங்கயோ ஓடிச்சு. திட்டப்போறான்னு நின்னேன், சிரிச்சா. அப்பால மண்வெட்டியை வாங்கி மண்ணை எப்படி அணைக்கணும்னு காட்டிக் குடுத்தா." திரும்ப வர ஆரம்பித்திருந்த டிபன் பாக்ஸைத் திறந்தார். "எதுக்குச் சிரிச்சான்னுதான் இன்னும் புரியல. சாயங்காலம் கேக்கணும்."