என் பெயரில் போன பதில்

குலசிங்கம் சார் இறந்த செய்தியை ஸ்டோர் முனியாண்டி அண்ணன்தான் கொண்டுவந்தார். காலை தேநீர் இடைவேளை. சர்வர் அறைக் கதவை அரைவாசி திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"கலா, குலா சார் போயிட்டாருலா. சுங்கை பட்டாணி வீட்டுலதான். மத்தியானம் வேன் போவுது, நீயும் வர்றியா?"

"வர்றேன்ணே" என்றேன். அவர் போன பிறகு பாதியில் விட்ட ரொட்டியைச் சாப்பிட்டு முடித்தேன். அழுகை வரவில்லை. வரும் என்று நான் காத்திருக்கவும் இல்லை. இந்த நினைவு மலரில் மற்றவர்கள் அவருடைய பொறுமையைப் பற்றியும் பக்தியைப் பற்றியும் எழுதியிருப்பார்கள். நான் அவருக்குக் கீழே ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தவள். அவருடைய பொறுமையை நான் பார்த்ததில்லை.

குருண் ஊரில் எங்கள் மரச்சாமான் தொழிற்சாலைக்கு முதல் மின்னஞ்சல் சர்வரை அமைத்தவர் அவர். வேலையில் கெட்டிக்காரர், இதை நான் மறுக்கவில்லை. ஒல்லியான உருவம், தேய்த்த வெள்ளைச் சட்டை, இலங்கைத் தமிழ்ப் பேச்சு, எவரையும் உட்காரச் சொல்லாத பழக்கம். நான் கரங்கானில் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள், டிப்ளோமா முடித்துவிட்டு அவரிடம் வந்து சேர்ந்தேன். முதல் நாளே என் சான்றிதழைப் புரட்டிவிட்டு, "எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். சொன்னேன். "ம்" என்றார். அந்த "ம்"முக்கு என்ன பொருள் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

அந்த ஆண்டு தீபாவளி விடுமுறைக்கு, அலுவலகத்தில் எல்லாருடைய அஞ்சல் பெட்டிக்கும் தானியங்கி பதில் வைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். யாராவது எழுதினால், "அலுவலகம் விடுமுறை, திங்கட்கிழமை பதில் தருகிறோம்" என்று சர்வர் தானாகவே அனுப்பிவிடும். ஒருவருக்கு ஒரு முறைதான் போக வேண்டும் என்ற கட்டுப்பாட்டையும் சேர்த்து எழுத வேண்டும். நான் அதை மறந்துவிட்டேன். எங்களுக்குத் திருகாணி அனுப்பும் கம்பெனியும் தன் சர்வரில் அதே மாதிரி ஒரு பதில் வைத்திருந்தது. எங்கள் சர்வர் அதற்குப் பதில் சொல்ல, அது எங்களுக்குப் பதில் சொல்ல, மூன்று நாள் இரண்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. திங்கட்கிழமை வந்தபோது சர்வர் நிரம்பி, யாருக்கும் அஞ்சல் போகவில்லை, வரவில்லை.

தவறு என்னுடையது. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் அந்தப் பதில்களை ஒரு கட்டு அச்சடித்து, கேன்டீன் அறிவிப்புப் பலகையில் என் பெயரோடு குத்திவைத்தார். சாப்பிட வந்தவர்கள் நின்று படித்தார்கள். நான் தட்டோடு நிற்கும்போது எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "மெஷினும் மெஷினும் பேசிக்கொண்டிருக்குது. நடுவில இருக்க வேண்டிய மனுசி தோட்டத்துக்குப் பலகாரம் சுடப் போயிட்டா." பலர் சிரித்தார்கள். முனியாண்டி அண்ணன் மட்டும் பலகையில் இருந்ததைக் கிழித்துக் குப்பையில் போட்டார். அதற்கும் அவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

அதற்கு மேல் நான் அப்படி ஒரு தவறு செய்யவில்லை. இரண்டாம் ஆண்டில் சர்வரை மாற்றினார்கள். புதியதை நான்தான் படித்து, அமைத்து, ஓட்டினேன். அவர் பழையதிலேயே நின்றுவிட்டார். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என்னிடம் நேராகக் கேட்க மாட்டார். நான் எழுந்து போன சமயம் என் குறிப்பு நோட்டைப் புரட்டிப் பார்ப்பார். மேலாளர் சந்தேகம் கேட்டால், "கலாவைக் கூப்பிடுங்கோ" என்பதை ஏதோ வேலைக்காரியைக் கூப்பிடுவதுபோல் சொல்வார்.

மூன்றாம் ஆண்டில் பினாங்கு தலைமை அலுவலகத்தில் ஒரு பதவி காலியானது. எல்லாக் கிளைகளின் சர்வர்களையும் பார்த்துக்கொள்ளும் வேலை. விண்ணப்பித்தேன். அடுத்த மாதமே பிரசவ விடுப்பில் போனேன். எங்கள் அஞ்சலை அப்போது தொழிற்சாலைக்குள் இருந்துதான் திறக்க முடியும். கரங்கானில் அம்மா வீட்டில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, நேர்காணலுக்குக் கூப்பிட்டால் யாராவது போன் செய்வார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒருவரும் செய்யவில்லை. என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை போலிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

விடுப்பு முடிந்து வந்து அஞ்சல் பெட்டியைத் திறந்தேன். நேர்காணலுக்கு அழைத்த கடிதம் இருந்தது. தேதி கடந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. அதற்கு மேலே இன்னொரு கடிதம்: "தாங்கள் நிறுவனத்தை விட்டு விலகிவிட்டதை அறிந்தோம். விண்ணப்பத்தை ரத்து செய்கிறோம்."

தலைமை அலுவலகத்தில் புவான் ரொஹானி என்ற பெண் அதிகாரிக்குப் போன் செய்தேன். அவர் குழம்பிப்போனார். "நீங்க வேலையை விட்டுட்டீங்க, இல்லையா? உங்க இமெயில்தானே அப்படிச் சொன்னது?" என்று மலாயில் கேட்டார். அந்த இமெயிலை எனக்கே அனுப்பிவைக்கச் சொன்னேன். இரண்டே வரி. "திருமதி கலைவாணி இப்போது இந்நிறுவனத்தில் பணியாற்றவில்லை. தொடர்புக்கு: குலசிங்கம்."

சர்வரின் பதிவேட்டைத் தேடினேன். நான் விடுப்பில் போன மூன்றாம் நாள், குலசிங்கம் சாரின் கணக்கிலிருந்து என் பெட்டிக்கு அந்தப் பதில் வைக்கப்பட்டிருந்தது. நான் திரும்புவதற்கு ஒரு வாரம் முன்பு அதே கணக்கிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. வைத்தது, எடுத்தது, நாள், நேரம், எல்லாம் வரிவரியாக இருந்தன. அவற்றை அச்சடித்து அவர் மேசையில் வைத்தேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். "வேற ஆளுக்குப் போட வேண்டியது. மாறிப் போச்சுது" என்றார்.

"எந்த ஆளு சார்?"

"போய் வேலையைப் பாரும் பிள்ளை."

மேலாளரிடம் போனேன். அவர் இருவரையும் உட்காரவைத்துப் பேசிவிட்டு, தொழில்நுட்பத் தவறு என்று கோப்பில் எழுதிக்கொண்டார். பினாங்கு வேலையில் அதற்குள் வேறொருவர் சேர்ந்திருந்தார். அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகள் நானும் சாரும் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து, வாய் திறந்து பேசாமல், மின்னஞ்சலிலேயே பேசிக்கொண்டோம். "வணக்கம்" என்ற சொல்லைக்கூட நான் எழுதவில்லை. அவர் ஓய்வு பெற்றபோது வைத்த விருந்துக்கு நான் போகவில்லை. உங்களில் சிலர் அதைக் குறையாகப் பேசினீர்கள். எனக்குத் தெரியும்.

போன வருடம் பள்ளி விடுமுறையில் நானும் கணவரும் மகளும் நெத்திலி வாங்கத் தஞ்சோங் டாவாய் போயிருந்தோம். படகுத்துறைப் பக்கம், கையில் தடியோடு அவர் நின்றார். அருகில் அவர் மனைவி. நான் திரும்பி நடந்தேன். "கலைவாணி" என்று கூப்பிட்டார். அவர் என் முழுப் பெயரையும் சொல்லி அழைத்தது அன்றுதான். மிகவும் மெலிந்திருந்தார். என் மகளைப் பார்த்தார். "இதுவா அந்தப் பிள்ளை?"

"ஆமா."

"எத்தனையாம் ஆண்டு படிக்கிறா?"

"அஞ்சாம் ஆண்டு."

கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "அது மாறிப் போகேல்ல. வேணும் எண்டுதான் போட்டனான்" என்றார். "நீ போனால் புது சர்வரை யார் பார்க்கிறது? எனக்குத் தெரியாது எண்டது ஒரு கிழமையில வெளியில வந்திருக்கும். என்னை அனுப்பியிருப்பாங்கள்."

அவர் மனைவி சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மாவுக்கு அதுவரை எதுவும் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"மன்னிப்புக் கேக்கப் போறீங்களா சார்?"

"கேட்டா குடுப்பியோ?"

"குடுக்க மாட்டேன்."

"அதான் கேக்கேல்ல" என்றார்.

நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். காரில் ஏறிய பிறகுதான் நெத்திலி வாங்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. கணவர் இறங்கிப் போய் வாங்கி வந்தார்.

துக்க வீட்டில் அவர் மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். முப்பத்தோராம் நாள் சடங்குக்கு நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் எழுத வேண்டும் என்றார். "அன்ட்டி, நான் எழுதுனா நல்லா இருக்காது" என்றேன். "நல்லதை எழுத நிறையப் பேர் இருக்கினம். நடந்ததை எழுதுங்கோ. நான் ஒரு சொல்லும் வெட்ட மாட்டன்" என்றார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். இறந்தவருக்காக இல்லை.

இன்றும் எனக்கு அவர்மேல் கோபம் இருக்கிறது. என் குழந்தை பிறந்த நாட்களில் நான் இல்லாமல் போய்விட்டதாக என் பெயராலேயே ஊருக்குச் சொன்னவர் அவர். பினாங்குக்குப் போயிருந்தால் என் வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்று தெரியாது. தெரிந்துகொள்ளும் வாய்ப்பை அவர் எடுத்துக்கொண்டார். கடைசியில் ஒளிக்காமல் சொன்னார் என்பதற்காக அந்தக் கணக்கு நேராகிவிடாது.

இப்போது அவர் உட்கார்ந்த இடத்தில் நான் இருக்கிறேன். எவருடைய பெட்டிக்குத் தானியங்கி பதில் வைத்தாலும், அவரை நேரில் கூப்பிட்டு, வாசகத்தைக் காட்டி, படித்துக் கையெழுத்துப் போடவைத்த பிறகுதான் வைப்பேன். இதற்கெல்லாம் கையெழுத்தா என்று மேலாளர் முதல் பலரும் சலித்துக்கொள்கிறார்கள். போன வாரம் பேக்கிங் பிரிவு சுகுணா பிரசவ விடுப்பில் போவதற்கு முன் வந்தாள். நான் எழுதியிருந்த வரியை இரண்டு முறை படித்தாள்.

"அக்கா, 'திரும்பி வருவேன்'னு சேத்துக்கலாமா?"

"ஒன் பேருலதானே போவுது. சேத்துக்கோ."

அவளே அந்தச் சொற்களைத் தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு வழக்கம்தான். அதற்காக நன்றி சொல்லப் போவதில்லை. ஆனால் இதை யாரிடமிருந்து கற்றுக்கொண்டாய் என்று எவராவது கேட்டால், குலசிங்கத்திடமிருந்து என்று பெயரைச் சொல்லுவேன்.