கடைசிச் சுற்றில் மனைவி சொன்ன பெயர்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் மூன்று கடை போட்டன். ஆளைப் பார்த்தே எடைபோடுவன்.

போன வருஷம் மருமகன் எங்கட வீட்டாருக்குள் ஒரு பேஸ்போல் ஃபேண்டஸி லீக் தொடங்கினார். உண்மையான வீரர்களை மாறி மாறித் தெரிந்தெடுத்து அணி சேர்க்க வேண்டும். அவர்கள் நன்றாக ஆடினால் எங்களுக்குப் புள்ளி.

வீரர்களை எடுக்கும் கடைசிச் சுற்றில் மனைவி மெல்லச் சொன்னா, "தோள் காயத்தால விலகியிருந்த அந்தப் பொடியனை எடுங்கோ. இப்ப நல்லா எறியிறான், ஒருத்தரும் கவனிக்கேல்லை."

"ஓம், அடுப்படியிலயிருந்து கண்டுபிடிச்சவா," என்றன். எல்லாரும் சிரிச்சினம். நான் பெயர்பெற்ற கிழட்டு வீரன் ஒருவனை எடுத்தன்.

அந்தப் பொடியனை எடுத்த மருமகன்தான் வென்றார். எனக்காக மனைவி மாதக்கணக்காக ஆட்டங்களைப் பார்த்துக் குறிப்பெழுதினவ என்று மகள் பிறகு சொன்னாள்.

இந்த வருஷம் மனைவியின் பக்கத்தில் போய் இருந்து, "யாரை எடுப்பம்?" என்று கேட்டன்.

"உங்களுக்குத் தெரியாததே? நீங்களே எடுங்கோ," என்றா. கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் குத்துது.