வைத்தி அண்ணையின் அரை மணித்தியாலம்

செய்தி பஸ்ஸில்தான் வந்தது. நான் வாய்க்கால் கட்டில் நின்று மடையைத் திறந்துகொண்டிருந்தேன். கிளிநொச்சியிலிருந்து வந்த காலைப் பஸ் வழக்கமில்லாத இடத்தில் நின்றது. கொண்டக்டர் கதவைப் பிடித்துத் தொங்கியபடி, "அண்ணை, ரைம்கீப்பர் வைத்தி அண்ணை ராத்திரி செத்துப்போனார். நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்கினம்" என்று கூப்பிட்டுச் சொன்னார்.

"சரியான பத்தோ, வைத்தி அண்ணையின்ரை பத்தோ?" என்று கேட்டேன். பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது. கொண்டக்டர் சிரிக்கத் தொடங்கி, பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு மணியை அடித்தார். பஸ் போன பிறகு மண்வெட்டியை எங்கே வைத்தேன் என்று அரைநாள் தேடினேன். அது தோளிலேயே கிடந்தது என்று மனிசிதான் சொன்னாள்.

அவரை அறிந்த உங்களுக்கு அந்தக் கேள்வி விளங்கும். கிளிநொச்சிப் பஸ் நிலையத்தில் ஒரு மேசை, ஒரு கொப்பி, ஒரு விசில், இவற்றோடு இருந்த வைத்திலிங்கம் ஒருநாளும் ஒருவருக்கும் உண்மையான நேரத்தைச் சொன்னதில்லை. ஏழரைப் பஸ்ஸை ஏழு என்பார். "ஏழெண்டால் சனம் ஏழே காலுக்கு வரும். கால் மணித்தியாலம் எனக்கு மிச்சம்" என்பது அவருடைய கணக்கு. யார் எவ்வளவு பிந்துவார் என்பதும் அவருக்கு மனப்பாடம். எனக்கு அரை மணித்தியாலம் வெட்டுவார். நான் அந்தக் காலத்தில் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பலசரக்குக் கடையில் நின்றேன். அரை மணித்தியாலம் அநியாயம் என்று அவரோடு எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறேன். "சரி தம்பி, ஒருநாளைக்கு நேரத்துக்கு வந்து காட்டும், வெட்டிறதை நிப்பாட்டிறன்" என்பார். நான் ஒருநாளும் காட்டவில்லை.

அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அச்சடிக்கும் இந்தப் புத்தகத்துக்கு எழுதித் தரும்படி அவருடைய தங்கை இராசம்மா கேட்டா. புருசனை இழந்து, மூன்று பிள்ளைகளோடு தமையனிடம் வந்து சேர்ந்தவா அவா. "காணிக் கச்சேரிக்குப் போன அண்டைக்கு என்ன நடந்ததெண்டு அண்ணை எங்களுக்கு ஒருக்காலும் சொல்லேல்லை. நீங்கள் கூடப் போனனீங்கள். அதை எழுதுங்கோ" என்றா. நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு எதற்கும் ஒரு காரணம் வேண்டும், காரணம் பிடிபடாவிட்டால் கோபம் வரும், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இந்த விசயத்தில் பத்து வருடத்துக்கு மேலாக எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

புதிதாகக் கட்டிய குளத்தின் கீழ் காணி கொடுக்கப்போகிறார்கள் என்று அறிவித்தல் வந்தது. விண்ணப்பம் போட்டவர்களில் எங்கள் பக்கத்தில் பதினாறு பேருக்குக் கடிதம் கிடைத்தது. முல்லைத்தீவு அரசாங்கக் கந்தோரில் காலை எட்டு மணிக்கு ஆளை விசாரித்துக் காணி கொடுக்கும் காணிக் கச்சேரி நடக்கும், அதற்கு மூலப் பத்திரங்களோடு நேரில் வரவேண்டும், கலியாணம் முடித்தவர்கள் பெண்சாதியையும் கூட்டிவரவேண்டும். பெயர் கூப்பிடும்போது இல்லாதவருக்குக் காணி இல்லை. கிளிநொச்சியிலிருந்து முதல் பஸ் அங்கே போய்ச் சேர மத்தியானமாகும். அங்கே போய்த் தங்க எங்களுக்கு ஆளுமில்லை, இடமுமில்லை. பதினாறு பேரும் கூலிக்கும் குத்தகைக்கும் அடுத்தவன் வயலில் கிடந்தவர்கள், அல்லது என்னைப்போல அடுத்தவன் கடையில் நின்றவர்கள். வைத்தி அண்ணையும் பதினாறில் ஒருவர். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில் தாயும் தங்கையும் பிள்ளைகளுமாக ஆறு பேர் இருந்தார்கள்.

"ராத்திரியோடை ராத்திரியாச் சைக்கிளிலை போவம்" என்று சொன்னவர் அவர்தான். பரந்தன் வழியாகப் புதுக்குடியிருப்பு, அங்கிருந்து முல்லைத்தீவு. முப்பத்தைந்து மைல் வரும். பாதி வழி காடும் மணலும், யானையும் நிற்கும். தனியப் போகேலாது, கூட்டமாகப் போகலாம். எல்லோருக்கும் இடம் காணாது என்று பெண்களுக்கு மட்டும் ஆனையிறவில் உப்பு ஏற்றும் ஒரு லொறியைப் பேசினார். சாப்பாட்டுப் பொதி, மேலதிக ரியூப், காற்றடிக்கும் பம்ப் எல்லாம் லொறியில். மழை வந்தாலும் நனையக்கூடாது என்று பதினாறு பேருடைய பத்திரங்களையும் பெயர் எழுதிய கடித உறைகளில் போட்டு, ஒரு றங்குப் பெட்டியில் பூட்டி, அதையும் லொறிக்கென்று என் மனிசி பூமணியிடம் கொடுத்துவைத்தார். விடிய நாலு மணிக்குப் புதுக்குடியிருப்புச் சந்தியில் லொறி நிற்கும், அங்கே சாப்பிட்டு, பத்திரத்தை வாங்கிக்கொண்டு போவது என்று ஏற்பாடு.

புறப்படும் நேரம் இரவு ஏழு மணி. ஆனால் அந்த ஏழு அவருக்கு மட்டுந்தான் தெரியும். எங்களுக்கு ஆறு என்றார். பெண்களுக்கு ஐந்து என்றார். லொறிக்காரன் எப்போதும் இரண்டு மணித்தியாலம் பிந்துபவன் என்பதால் அவனுக்கும் ஐந்து.

அங்கேதான் கணக்குப் பிழைத்தது. காணி என்றபடியால் வாழ்க்கையில் முதல் தடவையாக எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள். ஐந்துக்குப் பெண்கள் வந்தார்கள், ஐந்துக்கு லொறி வந்தது, ஐந்தரைக்கு ஏறிப் போயே விட்டார்கள். வைத்தி அண்ணை கடைசிப் பஸ்ஸை அனுப்பிவிட்டு ஆறு மணிக்கு வந்தபோது நாங்கள் பதினைந்து பேரும் சைக்கிளோடு வரிசையாக நின்றோம். அவர் எங்களைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"என்ன நடந்தது உங்களுக்கு? எல்லாரும் வந்திட்டியளோ?"

"லொறியும் போட்டுது அண்ணை" என்றேன்.

அவர் நெற்றியைத் தடவினார். பிறகு சிரித்தார். "போகட்டும். சந்தியிலை நிப்பாங்கள்தானே" என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சாப்பாடும் இல்லை, பம்பும் இல்லை, பத்திரமும் இல்லை, இந்த மனிசன் சிரிக்கிறார்.

ஆனால் ஓட்டத்தை நடத்தியதில் அவரைக் குறை சொல்ல முடியாது. எங்களிடம் இருந்த விளக்கு நாலே நாலு. ஒவ்வொரு சைக்கிளின் பின் மட்கார்டிலும் ஒரு வெள்ளைத் துணி கட்டுவித்தார், பின்னால் வருபவனுக்குத் தெரியவேண்டும் என்று. அவர் தபால்காரரிடம் இரவல் வாங்கிய சைக்கிளில் எல்லோருக்கும் கடைசியாக வந்தார். அரை மைலுக்கு ஒரு தரம் அவர் மணி அடிப்பார், முன்னால் போகிறவன் அடிப்பான், அவனுக்கு முன்னால் போகிறவன் அடிப்பான், அப்படியே முதல் சைக்கிள் வரைக்கும் போகும். நடுவில் நின்றுபோனால் யாரோ விழுந்துவிட்டான் என்று அர்த்தம், எல்லோரும் இறங்கவேண்டும். "முன்னுக்குப் போறவன் வழியைப் பாக்கட்டும். கடைசி ஆள்தான் ஆக்களை எண்ணலாம்" என்றார். விசுவமடுக் காட்டுக்குள் இருட்டில் மணி ஒவ்வொன்றாக முன்னால் போவதைக் கேட்டுக்கொண்டு மிதித்தேன். பயமாக இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. மூன்று ஏக்கர் வயலை மனதுக்குள் விதைத்து அறுத்துவிட்டேன்.

புதுக்குடியிருப்புச் சந்தியில் லொறி இல்லை. தேத்தண்ணிக் கடைக்காரர்தான் சொன்னார்: "உங்கடை லொறி ஒன்பது மணிக்கே வந்திட்டுது. நாலு மணிக்குத்தான் நீங்கள் வருவியளெண்டு, பொம்பிளையள் வற்றாப்பளை அம்மனைக் கும்பிட்டிட்டு வருவமெண்டு கூட்டிக்கொண்டு போட்டினம்." கும்பிட்டவர்கள் கோயில் மடத்தில் படுத்து நித்திரையாகிவிட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது.

அந்த இடத்தில் சண்டை தொடங்கியது. ஒருவர் வற்றாப்பளைக்குப் போவோம் என்றார், ஒருவர் லொறி வரும்வரை நிற்போம் என்றார், இரண்டு பேர் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார்கள். நான் வைத்தி அண்ணையின் முகத்துக்கு நேரே, "எல்லாம் உம்மடை கள்ள ரைமாலை வந்த வினை" என்றேன். அவர், "எத்தனை மணி தம்பி?" என்று கேட்டு என் கையிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றி வாங்கினார். எங்கள் கூட்டத்தில் வேறு யாரிடமும் மணிக்கூடு இல்லை. லாம்பு வெளிச்சத்தில் பார்த்து, முள்ளைத் திருகி, எல்லோருக்கும் காட்டி, என் கையிலேயே திருப்பித் தந்தார். "நாலே முக்கால். இனி மினக்கெட்டால் காணி இல்லை. நீங்கள் நேரை முல்லைத்தீவுக்குப் போங்கோ. பெட்டியோடை நான் வாறன்." அவர் அரை மணித்தியாலம் கூட்டி வைத்தார் என்பது எனக்கு மட்டும் தெரியும். நிலத்தில் இருந்தவர்களும் எழும்பிவிட்டார்கள். அவர் வற்றாப்பளைக்குப் போகும் மற்ற றோட்டில் தனியே போனார். அவர் மணி அடித்தது கொஞ்சத் தூரம் கேட்டது. எங்களில் ஒருவரும் திருப்பி அடிக்கவில்லை.

லொறி கந்தோர் வாசலுக்கு வந்தபோது எட்டடிக்கப் பத்து நிமிடம் இருக்கும். பெண்கள் இறங்கினார்கள், பெட்டி இறங்கியது, அவர் இறங்கவில்லை. "அண்ணை எங்கை?" என்று பூமணியைக் கேட்டேன். "எங்களை எழுப்பி ஏத்திவிட்டிட்டுச் சைக்கிளிலை வாறார்" என்றாள். பெட்டியைத் திறந்து உறைகளைக் கொடுத்தார்கள். அவருடைய உறையை வாங்க ஆள் இல்லாததால் என் கையில் தந்தார்கள்.

கந்தோர் எட்டு மணிக்கு, சொன்னபடி எட்டுக்கே, தொடங்கியது. விறாந்தையில் எங்களைவிட வேறு ஊர்க்காரரும் நின்றார்கள். காணித் துண்டு எல்லோருக்கும் காணாது என்று ஒரு கதை வரிசையில் ஓடியது. யார் சொன்னது என்று தெரியாது. நாலாவதாகக் கிளாக்கர், "வைத்திலிங்கம்" என்று கூப்பிட்டார்.

நான் சொல்லவேண்டியிருந்தது இவ்வளவுதான்: ஆள் வந்திட்டார் ஐயா, கடுதாசி என்ரை கையிலை கிடக்கு, ஒரு அரை மணித்தியாலம் பொறுங்கோ.

மூன்று தரம் கூப்பிட்டார். நான் சொன்னேனா? வாயைத் திறந்தது ஞாபகம் இருக்கிறது. சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. பூமணி, "நீங்கள் ஏதோ முணுமுணுத்தனீங்கள்" என்கிறாள். எனக்குப் பக்கத்தில் நின்றவர் நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்கிறார். பேசியிருந்தால் பொறுத்திருப்பார்களா என்பதும் தெரியாது. ஒன்று தெரியும். காணி காணாது என்ற கதை என் காதில் விழுந்திருந்தது, பதினாறு பேரில் ஒருவர் குறைந்தால் எனக்குக் கிடைக்கும் என்று ஒரு எண்ணம் வந்து போனது. ஏழாவதாக என் பெயர் வந்தது. "ஓம் ஐயா" என்று நான் சொன்னது வெளியில் லொறி வரைக்கும் கேட்டதாம்.

எட்டரைக்கு வைத்தி அண்ணை வந்தார். வேர்வையில் சேட்டு முதுகில் ஒட்டியிருந்தது. அடுத்த கச்சேரிக்கு வாரும் என்று கிளாக்கர் சொன்னார். அவர் உறையை என்னிடமிருந்து வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, "எல்லாரும் சாப்பிட்டியளோ?" என்று கேட்டார். அடுத்த கச்சேரிக்கு அவர் போகவில்லை.

ஏன் லொறியில் ஏறி வரவில்லை என்று நான் அவரை மூன்று தரம் கேட்டிருக்கிறேன். திரும்பும் வழியில், "சைக்கிள் தபால்காரற்றை. லொறியிலை ஏத்த இடமில்லை, றோட்டிலை போட்டிட்டு வரேலுமே?" என்றார். இடம் இருந்தது என்கிறாள் பூமணி. என் முதல் வெள்ளாமை நெல்லைக் குத்திச் சமைத்த அன்று சாப்பிட வந்தார். அப்போது கேட்டேன். "கடைசி ஆள் நான்தானே தம்பி. லொறியிலை ஏறினால் முன்னாலை வந்திடுவன்" என்றார். போன வருடம் ஆசுப்பத்திரியில் படுத்திருந்தபோது கேட்டேன். "எட்டெண்டால் எட்டரைக்குத்தான் தொடங்குவாங்கள் எண்டு நினைச்சனான்" என்றார்.

மூன்றும் உண்மையா, மூன்றும் பொய்யா, ஒன்றை எனக்காக வெட்டிக் குறைத்துச் சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. அவர் என்னை ஒன்றுமே கேட்டதில்லை. உறை என் கையில் இருந்ததை அவர் கண்டவர். வருடா வருடம் அறுவடைக்குப் பிறகு வருவார், வரம்பில் ஒரு நடை நடப்பார், "நல்ல மண்" என்பார், சாப்பிடுவார், பின்னேரப் பஸ்ஸில் போவார். ஒருக்கால் ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

செத்தவீட்டுக்கு ஒன்பது மணிக்கே போய்விட்டேன். அந்த வாடகை அறையின் முற்றத்தில் ஊர் விதானையார் கதிரையில் இருந்து மரணப் பதிவுக்கு விபரம் எழுதிக்கொண்டிருந்தார். பறைச் சத்தத்தில் ஒன்றும் கேட்காததால் உரத்துக் கேட்டார்: "வைத்திலிங்கம்? வைத்திலிங்கம் எண்டுதானே முழுப்பேர்?" மூன்றாம் தரமும், "வைத்திலிங்கம்?" என்றார்.

"வந்திட்டார் ஐயா. கடுதாசி என்ரை கையிலை கிடக்கு. கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். முற்றம் முழுக்கக் கேட்டது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ என்னைப் பிடித்து வாங்கில் இருத்தித் தண்ணீர் தந்தார்கள். இராசம்மா உள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றா. தங்கச்சி, செத்தவீட்டில் நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நீங்கள் எழுதச் சொன்னதற்கும் அதற்கும் பதில் ஒன்றுதான்.

என் மணிக்கூட்டை அவர் திருகியபடியே வைத்திருக்கிறேன். நின்றால் சாவி கொடுத்து மறுபடி அரை மணித்தியாலம் கூட்டித்தான் வைப்பேன். அதனால் இப்போது எங்கேயும் நான்தான் முதலில் போய் நிற்கிறேன். அவர் எனக்குத் தந்தது அந்த அரை மணித்தியாலம். அந்தக் கந்தோர் விறாந்தையில் அவருக்காக நான் கேட்டிருக்க வேண்டியதும் அவ்வளவுதான்.