ஸ்மோல், மீடியம், லார்ஜ்

கல்முனைக் கடற்கரைப் பக்கம் புதிதாக ஒரு ஃபுட் கோர்ட் திறந்திருக்கிறார்கள். ஐந்தாறு கடைகள், நடுவில் பிளாஸ்டிக் மேசைகள், தலைக்குமேல் கலர் பல்புகள். போன கிழமை மகள் என்னை விடாப்பிடியாக அங்கே கூட்டிப் போனாள். ஹபாயாவுக்குமேல் ஏப்ரன் கட்டிய ஒரு பிள்ளை, "அங்கிள், ஸ்மோலா மீடியமா லார்ஜா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டது. பின்னால் கோழி பொரிகிற எண்ணெய் வாசம் வேறு. பசியில்லை என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாப்பாவை எங்கே கூட்டிப் போனாலும் முகத்தை இப்படித்தான் வைத்துக்கொள்வார் என்று மகள் முணுமுணுத்தாள். அவள் சொன்னது சரிதான்.

அந்தக் கேள்வியை ஒரு காலத்தில் நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். கல்யாணத்துக்கு முன்பு, வளைகுடாவில், ஒரு பெரிய கடைத்தொகுதியின் மேல்மாடியில், கோழி பொரித்து விற்கிற கடையொன்றில் எனக்கு வேலை. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடம் என்றால் பின்வாங்கில் ஒளிந்துகொள்கிற ஆள் நான். ஏஜென்சிக்காரர் இங்கிலீசு வருமா என்று கேட்டபோது "ஓம்" என்றேன். அதையும் தமிழில்தான் சொன்னேன்.

எனக்கு ஆங்கிலம் வந்தது ஜெகனோடுதான். ஜெகன் எங்களுக்குப் பக்கத்துத் தமிழ் ஊரான வீரமுனைக்காரன். எங்கள் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளை எடுத்தால் ஒரு தேநீர் ஆறுவதற்குள் அவன் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் பிரச்சினைக் காலத்தில் இரண்டு சனத்துக்குமிடையே நடந்தவற்றால் நான் அந்த ஊருக்குள் போனதேயில்லை, அவன் எங்கள் பக்கம் வந்ததில்லை. கடல் கடந்து போய் ஒரே அறையில், மேல்கட்டிலும் கீழ்க்கட்டிலுமாகத்தான் நாங்கள் சந்திக்க வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் கல்முனைப் பொடியன்கள் சேர்ந்து சஹன் வைப்போம். பெரிய தட்டில் சோற்றைக் கொட்டி, எல்லோரும் சுற்றியிருந்து அந்த ஒரே தட்டில் சாப்பிடுவது. முதல் வெள்ளி, மாட்டிறைச்சி என்று கண்டதும் ஜெகன் ஓரமாகப் போய் பாணைக் கடித்துக்கொண்டு இருந்தான். அடுத்த வெள்ளியிலிருந்து கோழிதான். எங்கள் ஆட்களை மாட்டிறைச்சியிலிருந்து பிரிப்பது லேசான காரியமா, நீங்களே சொல்லுங்கள்.

இரண்டு பேருக்கும் முதலில் வேலை பொரிக்கிற இடத்தில். கொதிக்கிற எண்ணெயின் முன்னால் நின்று கையெல்லாம் கொப்புளம். அதிலிருந்து தப்பி கவுண்டருக்கு வரவேண்டும் என்றால் ஆங்கிலம் கதைக்க வேண்டும். எங்களுக்கு மேலே இருந்த பிலிப்பைன்ஸ் பெண் இரக்கப்பட்டுச் சில வசனங்களைச் சொல்லித் தந்தார். அவற்றை அறையில் ஒத்திகை பார்ப்போம். ஒருவன் கடைக்காரன், மற்றவன் வாடிக்கையாளன். ஜெகனுக்கு வாடிக்கையாளன் வேஷம் என்றால் உயிர். கட்டிலில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு "நோ ஐஸ். எக்ஸ்ட்ரா சீஸ்" என்று அதட்டுவான். சீஸ் என்ன ருசி என்று அதுவரை அறியாதவன்.

எந்த அளவு, காரம் எவ்வளவு, இங்கேயா கொண்டுபோகவா, வேறென்ன வேண்டும். ஒரு பண்டம் தீர்ந்துவிட்டால் "சொரி சேர், ஃபினிஷ்." எங்கள் ஆங்கிலம் அவ்வளவுதான். மெனுப் பலகைக்கு வெளியே எங்களிடம் சொல்லே கிடையாது. ஆனாலும் அது எங்களைக் கவுண்டருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. நான் உம்மாவுக்குப் போன் எடுத்து, மகன் இப்போது வெள்ளைக்காரனோடு கதைக்கிறான் என்று பீற்றிக்கொண்டேன். உம்மா அதை அயலெல்லாம் சொல்லியும் விட்டார்.

ஒருநாள் மத்தியானம், சனம் நெருக்கிக்கொண்டு நின்ற நேரம், ஜெகன் கவுண்டருக்குப் பின்னால் அப்படியே குந்திவிட்டான். காலையிலேயே நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது என்றவன். வாய்வு என்று இரண்டு பேருமாக முடிவுகட்டி, இஞ்சி போட்ட பிளேன்டீ குடித்துவிட்டு வேலைக்கு வந்திருந்தோம். ஆம்புலன்ஸில் கூடப் போக என்னைத்தான் அனுப்பினார்கள். எனக்கு இங்கிலீசு தெரியுமாம்.

அந்த நாட்டு ஆஸ்பத்திரிகளில் எப்படியும் ஒரு மலையாளி நேர்ஸ் இருப்பார், தமிழை வைத்தே ஒப்பேற்றிவிடலாம். அன்றைக்கென்று ஒருவரும் கண்ணில் படவில்லை. டொக்டர் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். 'பெயின்' என்ற ஒன்றுதான் எனக்குப் பிடிபட்டது. எவ்வளவு நோகிறது என்கிறார் போல. எவ்வளவு என்பதற்கு என்னிடம் இருந்ததே மூன்று சொற்கள்.

"லார்ஜ், சேர்" என்றேன்.

டொக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வியர்த்து ஊற்றக் கிடந்த ஜெகனுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

"எக்ஸ்ட்ரா லார்ஜ் எண்டு சொல்லு மச்சான்" என்றான்.

அவனுடைய அப்பாவும் இப்படித்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வயலில் விழுந்தவர். அதைச் சொல்ல வேண்டும். படியேறினால் இவனுக்கு மூச்சு வாங்குகிறது, கொஞ்ச நாளாகவே சரியான தூக்கமில்லை, எல்லாம் சொல்ல வேண்டும். தமிழ் என்றால் ஒரு மூச்சில் கொட்டியிருப்பேன். "ஃபாதர் சேம், சேர். ஃபாதர் ஃபினிஷ்" என்றேன். தீர்ந்துபோன கோழிக்குச் சொல்கிற சொல்லை ஒரு மனிசனுக்குச் சொன்னேன். டொக்டர் விளங்கிக்கொண்டார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

பின்னேரம் ஒரு மலையாளி நேர்ஸ் வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். அவர் இருந்த விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஒழுங்காகக் கதைக்கத் தெரிந்த ஒருவன் கூட வந்திருந்தால் ஜெகன் தப்பியிருப்பானா என்று கேட்டேன். இல்லை, கொண்டுவரும்போதே காலம் கடந்துவிட்டது என்றார். அது உண்மையா, அழுதுகொண்டிருந்த ஒரு பொடியனுக்குச் சொன்ன ஆறுதலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதுதான் என்னை அரிக்கிறது.

வீட்டுக்கு அறிவிக்கிற வேலையையும் என்னிடமே தந்தார்கள். தமிழில்தானே, சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவனுடைய போனிலிருந்தே எடுத்தேன். அந்த நேரத்தில் புத்தி எங்கே போனதோ. முதல் மணியிலேயே அவனுடைய அம்மா எடுத்தார்.

"சாப்பிட்டயா மனே?"

மறுபடியும் கேட்டார். "நான் அவன்ட கூட்டாளி அம்மா" என்று தொடங்கினேன். அதற்குமேல் நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. அவர் குழறி அழுத சத்தம் மட்டும் ஞாபகமிருக்கிறது.

அவன் கிடந்த பெட்டியோடு ஊருக்கு வந்தது நான்தான். வீரமுனைக்குள் முதன்முதலில் கால் வைத்தது அப்படித்தான். அதற்குப் பிறகு நான் எந்த நாட்டில் இருந்தாலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தால் அந்த அம்மாவிடமிருந்து அழைப்பு வரும். அதே கேள்வி, அதே 'மனே'. சாப்பிட்டேன் என்று நான் சொல்ல வேண்டும், அவருக்கு அது போதும். கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகும் அது நிற்கவில்லை.

போன வருடம் அவரும் காலமாகிவிட்டார். சில வெள்ளிகள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு மனம் கேளாமல் ஒருநாள் நானே அவருடைய இலக்கத்துக்கு எடுத்தேன். இந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று பதிவுக் குரல் சிங்களத்தில் சொன்னது, தமிழில் சொன்னது, ஆங்கிலத்திலும் சொன்னது. ஒரு சொல் விடாமல் எனக்கு எல்லாம் விளங்கியது.