கோயில் பெயர், சர்டிபிகேட் பெயர்

எங்கள் தெருவில் பிறந்த ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். ஞானஸ்நானத்தில் வைப்பது கோயில் பெயர். பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுப்பது சர்டிபிகேட் பெயர். கிறிஸ்தவர்கள் என்று காகிதத்தில் ஏறிவிட்டால் சாதிச் சலுகை போய்விடும், பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம் கிடைக்காது என்பதால் எங்கள் அப்பாக்கள் செய்துவைத்த ஏற்பாடு அது. வீட்டிலும் கோயிலிலும் ஒரு பெயர். வாசலைத் தாண்டினால் இன்னொன்று. நடக்கத் தெரிந்த குழந்தைகூட இதில் உளறாது. இது சரியா தப்பா என்று என்னோடு வாதாட வருகிறவர்கள், முதலில் எங்கள் அப்பா போல அடுத்தவன் வயலில் நாற்று சுமந்துவிட்டு வரட்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் என் அண்ணன், காக்களூர் பக்கம் புதிதாக வந்திருந்த ஓர் இரும்பு வார்ப்படக் கம்பெனியில் வேலை பார்த்தார். என் கணவருக்கும் அங்கேதான் வேலை, சேர்த்துவிட்டதே அண்ணன்தான். என் கணவர் பள்ளிப்பட்டுக்கு அப்பால், எல்லையோரத்துக் கிராமத்துக்காரர். வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்தவர். கல்யாணமான புதிதில் நாங்கள் திருவள்ளூரிலேயே ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அண்ணன் அம்மாவோடு எங்கள் பழைய தெருவில் இருந்தார்.

கம்பெனியில் ஸ்டிரைக் வந்தது. அண்ணன் சங்கத்தில் முன்னால் நிற்கிறவர். ஒருநாள் கேட்டில் கல் பறந்து லாரிக் கண்ணாடி உடைந்தது. அன்றைக்கு அண்ணன் அங்கேயே இல்லை. அவருக்குச் சின்ன வயதிலிருந்து மூச்சு இழுப்பு. மார்பைப் பிடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் மாத்திரை வாங்கக் கடைத்தெருவுக்குப் போனவர் திரும்பவில்லை.

"உங்க அண்ணன ஜீப்புல ஏத்திகினு பூட்டாங்கம்மா" என்று சைக்கிள் கடைக்காரர், அம்மாவும் நாங்களும் காத்திருந்த பழைய வீட்டுக்கு வந்து சொன்னார்.

எந்த ஸ்டேஷன் ஜீப் என்று அவருக்குத் தெரியவில்லை. மாத்திரை இல்லாமல் இழுப்பு கண்டால் அண்ணன் என்ன ஆவார் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உதடு நீலம் பாரித்து, பேச முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் மாத்திரைப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பினேன். என் கணவரும் கூடவே கிளம்பினார். "நீ ஒண்டியா எங்க அலைவ? நான் வர்றேன்" என்றார். மாப்பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டவுன் ஸ்டேஷனில் ரைட்டர் ஏட்டு தலையை நிமிர்த்தாமல் பெயர் கேட்டார். சர்டிபிகேட் பெயரைச் சொன்னேன். கம்பெனியில் அந்தப் பெயர்தானே.

"அந்தப் பேர்ல யாரும் இல்லம்மா."

"நல்லாப் பாருங்க சார். அவருக்கு இழுப்பு இருக்குது. இந்த மாத்திரையையாவது..."

"இல்லன்றேன், இன்னா பேஜாரு பண்ற? போய் தாலுக்கா ஸ்டேஷன்ல கேளு."

தாலுக்கா ஸ்டேஷனிலும் இல்லை. ஊத்துக்கோட்டையில் கொண்டுபோய் வைத்திருக்கலாம் என்று யாரோ சொல்ல, பஸ் ஏறிப் போனோம். அங்கும் இல்லை. டீக்கடைப் பேப்பரில் 'தொழிலாளர்கள் கைது' என்று மூலையில் ஒரு செய்தி வந்திருந்தது. ஆட்களின் பெயர் ஒன்றும் இல்லை, அவ்வளவு இடம் எங்களுக்குக் கொடுக்க அவர்களுக்கு மனசில்லை. சப் ஜெயில் வாசலில் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தார்கள். உள்ளே எத்தனை ஆண், எத்தனை பெண் என்று சுண்ணாம்புக்கட்டியில் எழுதியிருக்கும். அந்த எண்ணிக்கையில் என் அண்ணன் ஒருவரா என்று பலகை சொல்லவில்லை. வார்டரைக் கேட்டால் அவரும் பெயரைத்தான் கேட்டார், பார்த்துவிட்டு இல்லை என்றார்.

அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "ஒருவேள கோயில் பேரச் சொல்லியிருப்பாரோ? அதையும் கேட்டுப் பாக்கலாமா?" என்றேன்.

என் கணவர் பதறிப்போனார். "உனுக்கு இன்னா பைத்தியமா? அந்தப் பேரு போலீஸ் காதுல வுழுந்தா சர்டிபிகேட்டு பொய்யின்னு இன்னொரு கேஸ் போடுவான். உங்க மொத்தத் தெருவும் மாட்டிக்கும்" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. எங்கள் தெருவை என்னைவிட அவர் யோசிக்கிறாரே என்று உருகிக்கூடப் போனேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அதற்குள் கம்பெனி கொஞ்சம் பேரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டது. அவருக்கும் ஆள் வந்தது. போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது, போய்விட்டு வாருங்கள் என்று நானே அனுப்பினேன். அன்று நான் தனியாகக் கோர்ட்டுப் பக்கம் போனேன். வக்கீல் குமாஸ்தா ஒருவர், நாமம் போட்டவர், பெருமாள் கோயில் கைங்கரியக் குடும்பத்தைச் சேர்ந்தவர், வராந்தாவில் என் கதையைக் கேட்டார்.

"ஸ்டேஷன்ல கேட்டா சொல்ல மாட்டாம்மா. யாரைப் பிடிச்சாலும் மாஜிஸ்டிரேட் முன்னால கொண்டுவந்தாகணும், கேஸ் காகிதமும் இங்க வந்தாகணும். இன்னிக்குக் கூப்பிடற கேஸெல்லாம் அதோ பலகையில ஒட்டியிருக்கு, பாரு. யார் வேணா பாக்கலாம்" என்றார்.

யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது இத்தனை நாள் எனக்கு யாரும் சொல்லாத விஷயம். பலகையில் ஒட்டியிருந்த தாளை மேலிருந்து கீழாக விரல் வைத்துப் படித்தேன். அண்ணன் பெயர் இல்லை. இடையில் தெலுங்குப் பெயர் ஒன்று இருந்தது. எல்லை தாண்டி வந்து மாட்டிக்கொண்ட யாரோ ஆந்திராக்காரன், பாவம் என்று நினைத்து அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். கோர்ட்டு டவாலி வெளியே வந்து அந்தத் தெலுங்குப் பெயரை மூன்று தடவை கூவினார். போலீஸ்காரர்கள் மரத்தடியிலிருந்து கைதிகளை இரண்டிரண்டு பேராக நடத்தி வந்தார்கள். அதில் ஒருவர் குனிந்துகொண்டு, நாலு அடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். என் அண்ணன்.

அந்தப் பெயரை எங்கே கேட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. தினமும் என் வீட்டில் கேட்கிற பெயர் அது. அண்ணனின் கோயில் பெயர் தமிழில் 'வேல்' என்று முடியும். தெலுங்கு பைபிளில் அதே பெயர் 'யேலு' என்று முடியும். என் கணவருக்குக் கடைசிவரை நாக்கு திரும்பவில்லை, மச்சானை 'யேலு' போட்டுத்தான் கூப்பிடுவார். அதைச் சொல்லி நானும் அண்ணனும் எத்தனை தடவை கேலி பண்ணியிருக்கிறோம்! எங்கள் தெருவில், கோயிலில், கம்பெனியில், உலகத்திலேயே என் அண்ணனை அப்படிக் கூப்பிடுகிறவர் ஒரே ஒருவர்தான். அதே பெயரை டவாலி கூவுகிறார்.

மனசு அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ளுமா? அண்ணனே விளையாட்டாக அப்படிச் சொல்லியிருப்பார் என்று சமாதானம் செய்துகொண்டேன். ரிமாண்டை நீட்டித்துத் திரும்ப சப் ஜெயிலுக்கே கொண்டுபோனார்கள். குமாஸ்தா பேசிப் பார்த்ததில் கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பேச விட்டார்கள். மாத்திரையைத் தண்ணீர் இல்லாமலே விழுங்கிவிட்டு அண்ணன் கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கழுத்து எலும்பு தெரிந்தது.

"பேர மாத்தி எதுக்குண்ணா சொன்ன?" என்றேன்.

"நான் எங்க சொன்னேன்? நான் சர்டிபிகேட் பேருதான் சொன்னேன். இன்னொரு பேர மறைக்கிறியான்னு அறைஞ்சாங்க. அவங்க கையில முன்னாடியே இந்தப் பேரு எழுதி இருந்துச்சி" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "நீ ஊட்டுக்குப் போம்மா. இத்தப் போட்டுக் கிண்டாத" என்றார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் வாழ வேண்டிய வீடு என்று வாயை மூடிக்கொண்டு உள்ளே மூச்சுத் திணறியிருக்கிறார். அண்ணன்மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது. என்னைக் கேட்காமல் எனக்காக விட்டுக்கொடுக்க இவர் யார்?

முதல் தகவல் அறிக்கைக்கு நகல் மனு போட்டு, குமாஸ்தா வாங்கிக் கொடுத்தார். முதலில் என் கணவர் கூப்பிடும் அந்த 'யேலு' பெயர், பக்கத்தில் 'என்கிற' என்று போட்டு சர்டிபிகேட் பெயர். கோர்ட்டுப் பலகைக்கும் ஜெயில் ரிஜிஸ்டருக்கும் முதல் பெயரை மட்டும்தான் எடுத்து எழுதியிருக்கிறார்கள். எங்கள் அப்பா ஆயுசு முழுக்கச் சேரவிடாமல் பார்த்துக்கொண்ட இரண்டு பெயர்களையும் ஒரே ஒரு 'என்கிற' சேர்த்துவைத்திருந்தது. ஆளைக் காட்டிக்கொடுத்தது யார் என்று அதில் இல்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை.

ஜாமீனுக்கு வக்கீலிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவர் வேலை முடிந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். 'அவர்' என்று எழுதவே கை கூசுகிறது. பழகிய கை, அதனால் எழுதுகிறது.

"அண்ணன் கெடச்சிட்டாரு. உங்க வாயால வெச்ச பேர்ல இருக்காரு" என்றேன்.

முதலில் என்ன உளறுகிறாய் என்றார். நான் போலீஸ் நகலை எடுத்து நீட்டினேன். பிறகு சுவரைப் பார்த்துப் பேசினார்.

"மானேஜர் ரூமுக்குக் கூப்டாங்க. சங்கத்துல முக்கியமா யார் யாருன்னு கேட்டாங்க. அந்தப் பேருதான் வாயில வந்துச்சி. கம்பெனிப் பேரு எதுன்னு கேட்டாங்க, அதையும் சொன்னேன். ரெண்டு நாள்ல வுட்டுடுவோம்னாங்க. பெர்மனென்ட் பண்றேன்னாங்க. உனுக்காகத்தான்..."

எனக்காக. இந்த வார்த்தையை அன்று இரண்டு ஆண்களிடம் கேட்டாகிவிட்டது, அண்ணன் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"சரி. அப்பறம் இன்னாத்துக்கு ஸ்டேஷன் ஸ்டேஷனா என் கூட வந்தீங்க? ஊத்துக்கோட்ட வரைக்கும் இன்னாத்துக்கு வந்தீங்க?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"ஒண்டியா வுட்டா நீ கோயில் பேரச் சொல்லிக் கேட்டுடுவியே" என்றார்.

இரண்டு புடவையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பினேன். தெருமுனை வரை அவர் பின்னாலேயே வந்தார். நான் நின்று திரும்பி, "கூட வராதீங்க" என்றேன்.