பசுமை மண்டபத்துக்கு இரண்டு வாழை

லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்று என் தொழிலைச் சொன்னால், ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருக்காரர்களில் பாதிப் பேர், "ஓ, நர்சரி வெச்சிருக்கீங்களா?" என்பார்கள். மீதிப் பேர் ஓசியில் ஒரு செம்பருத்திக் கன்று கேட்பார்கள். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், வெயில் எங்கே விழும் என்று பார்த்து மனையை அமைத்துக் கொடுப்பது என் வேலை என்று விளக்கினால், "இதுக்கெல்லாமா காலேஜ் போனீங்க?" என்று கேட்பார்கள். அதனால் இப்போதெல்லாம் நானே நர்சரி என்று சொல்லிவிடுகிறேன்.

பாலக்கரையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒருவர் ஜீயபுரத்தில் கல்யாண மண்டபம் கட்ட ஆசைப்பட்டார். சாதாரண மண்டபம் இல்லை, பசுமை மண்டபம். அதற்காக அங்கே இருந்த வாழைத் தோட்டத்தை வேரோடு பிடுங்கி எறிந்தார். பசுமைக்கு இடம் வேண்டும் என்றால், இருக்கிற பச்சையை முதலில் காலி செய்யத்தானே வேண்டும்! அதன் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

அந்த மனையின் நடுவில் ஒரு வடிகால் வாய்க்கால் ஓடியது. பக்கத்து வயலில் தேங்கும் மழைத் தண்ணீர் அதன் வழியாக இறங்கித்தான் பெரிய வாய்க்காலில் சேரும். வரைபடத்தில் அதை நான் தொடவே இல்லை. கரையில் வெட்டிவேரும் மேலே ஒரு சின்ன மரப்பாலமும் போட்டுக் கொடுத்தேன். "சூப்பர் மேடம்" என்றார். சூப்பர் என்று ஒருவர் அவ்வளவு சீக்கிரம் சொன்னால் அவர் படத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

உப்பிலியபுரத்தில் வேறொரு வேலையை முடித்துவிட்டு வந்து பார்த்தால் வாய்க்காலைக் காணோம். அந்த இடத்தில் வழவழவென்று பேவர் பிளாக் பதித்துக் கார் நிறுத்த இடம் செய்திருந்தார்.

"எங்க சார் வாய்க்கால்?"

"அது சாக்கடை மாதிரி இருந்துச்சு மேடம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தா மூக்கப் பொத்துவாங்க. அதான் மண்ணடிச்சு மூடிட்டேன். தண்ணி வேணும்னா அங்க பாருங்க, ஃபவுண்டன்!"

பார்த்தேன். காவேரிக் கரையில் சிமெண்ட் டால்ஃபின் போர்வெல் தண்ணீரைத் துப்பிக்கொண்டிருந்தது. சுற்றிலும் பிளாஸ்டிக் புல்வெளி. "தண்ணியே ஊத்த வேணாம். இதானே மேடம் சஸ்டெயினபிள்?" என்று என்னிடமே கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்த டால்ஃபினை எட்டி உதைத்திருப்பேன். கால்தான் வலிக்கும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து வயல் ஒரு அக்காவுடையது. பூவன் வாழை, தார் விட்டு நின்ற நேரம். வடிய வழியில்லாமல் வயல் முழுக்கத் தண்ணீர் கட்டிக்கொண்டது. வாழைக்குத் தண்ணீர் வேண்டும்தான், ஆனால் தண்ணீரிலேயே நிறுத்தி வைத்தால் வேர் அழுகிவிடும். அக்கா என்னைத் தேடி வந்தார்.

"ஏம்மா, பிளான் போட்டது நீங்கதானே? என் வயல் தண்ணிய எங்க போகச் சொல்றீங்க?"

போனில் என் வரைபடத்தைக் காட்டினேன். வாய்க்கால் நீல நிறத்தில் அழகாக ஓடியது.

"படத்துல ஓடுது. வயல்ல நிக்குதே" என்றார்.

மண்டபத்துக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். "மோட்டார் வெச்சு எறச்சுக்கச் சொல்லுங்க மேடம். தெறப்பு விழா முடியட்டும், பார்த்துக்கலாம்" என்றார். நம் ஊரில் 'பார்த்துக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். மதிலை ஒட்டி நின்ற வாழைகள் தாரோடு சாய ஆரம்பித்தன.

திறப்பு விழாவுக்குப் போகவே கூடாது என்று இருந்தேன். அக்காவின் வயல் என்ன ஆயிற்றோ என்ற கவலையில் போனேன். வாசலில் குலை தள்ளிய இரண்டு வாழை மரங்கள் பளபளவென்று நின்றன. தொட்டுப் பார்த்தேன், பிளாஸ்டிக்.

"வெட்டவே வேணாம் மேடம். எல்லாக் கல்யாணத்துக்கும் இதையே கட்டிக்கலாம். மரத்தக் காப்பாத்துறோம்ல!" என்றார் மண்டபத்துக்காரர். தோட்டத்தையே அழித்தவர் இரண்டு மரத்தைக் காப்பாற்றிவிட்டார், புண்ணியவான்.

ஹோமம் செய்ய வந்த வாத்தியார் ஸ்ரீரங்கத்துக்காரர். வாசலில் செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார். "என்ன ஓய் இது? மங்கள கார்யத்துக்குப் பொம்மை வாழையைக் கட்டிட்டு என்னை மந்திரம் சொல்லச் சொல்றேளா? நேக்கு ஆகாது. நிஜ வாழை வரட்டும், உள்ளே வரேன்."

காந்தி மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் ராகுகாலம் வந்துவிடும். மண்டபத்துக்காரரின் பார்வை மெல்ல மதிலுக்கு அந்தப் பக்கம் போனது. "மேடம், நீங்க கேட்டா குடுப்பாங்க" என்று குழைந்தார்.

அக்கா முழங்கால் சேற்றோடு, கையில் மண்வெட்டியுடன் வாசலுக்கு வந்தார். "தாராளமாத் தரேன். மொதல்ல வாய்க்காலத் தொறங்க."

"நாளைக்குக் கண்டிப்பாத் தொறந்துடறேன்மா."

"அப்ப மரமும் நாளைக்கு வாங்கிக்கங்க."

வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "காலம் போயிண்டே இருக்கு" என்றார். அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

பின்பக்கம் நின்ற ஜேசிபி வந்தது. பட்டு வேட்டிகளும் பட்டுப் புடவைகளும் ஒதுங்கி நிற்க, பேவர் பிளாக் பெயர்ந்தது, அடைத்த மண் வெளியே வந்தது, அக்கா வயல் தண்ணீர் செக்கச்செவேலென்று பாய்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் அழுதுவிட்டேன்.

அக்கா மதிலோரத்தில் இரண்டு மரங்களை வெட்டினார். அடிப்பக்கம் கறுத்திருந்தது. "வேர் அழுகுனதுதான். நல்ல மரத்த இவருக்கு எதுக்கும்மா வெட்டணும்? கயித்த இழுத்துக் கட்டச் சொல்லுங்க, சாயந்தரம் வரைக்கும் நிக்கும்" என்று என் காதில் சொன்னார். வாத்தியார் திருப்தியாக உள்ளே போனார்.

சாப்பாட்டுப் பந்தி தொடங்கியபோது மண்டபத்துக்காரர் விருந்தாளிகளுக்கு வாய்க்காலைக் காட்டிக்கொண்டிருந்தார். "நேச்சுரல் ஸ்ட்ரீம். நம்ம கான்செப்ட்தான்."

அக்காவைச் சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வாய்க்கால் கரையிலேயே நின்றார். பட்டுப் புடவை கட்டிய ஒரு பெண் அவரைப் பார்த்துவிட்டு, "கிராமத்து தீமுக்கு ஆள்கூட வெச்சிருக்காங்க பாரேன், சூப்பர்ல!" என்று தோழியிடம் சொன்னாள். பிறகு போனை நீட்டிக்கொண்டு, "ஒரு செல்ஃபி எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"எடுத்துக்கம்மா" என்றார் அக்கா. "தண்ணி ஓடறதும் தெரியற மாதிரி எடு. இந்தம்மா போனுக்கு ஒண்ணு அனுப்பிடு. நாளைக்கு இவரு திரும்ப மூடினா காட்டறதுக்கு வேணும்."