அம்மனிடம் பூக்கேட்டுச் செய்த மார்பு ஆபரேஷன்

காளியம்மனை நம்புகிறவர்களே, எனக்கு நயமாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போன தை மாதம் என் மார்பில் சீழ் பிடித்தது. செத்துவிடுவேன் என்று நினைத்தேன். செத்தால் தேவலை என்றும் நினைத்தேன்.

மூன்று பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த பிறகு என் மார்பு கனத்துத் தொங்கிவிட்டது. சாமைக் கொல்லையில் குனிந்தால் தோள் இற்றுப்போகும். வியர்வை தங்கி மார்புக்கு அடியில் தோல் வெந்து புண்ணாகும். அழகு ஆசையில் ஆபரேஷன் செய்துகொண்டாள் என்று ஊரில் பேசினார்கள். பேசியவர்கள் யாரும் அந்தப் புண்ணோடு களை எடுத்ததில்லை. ஆசையில்தான் செய்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது என் உடம்பு.

எங்கள் ஊர் மலைமேல் இருக்கிறது. மலைக்குக் கீழே டவுனில் ஒரு கிளினிக். தோல், முடி, அழகு என்று போர்டு. மார்பைத் தூக்கித் தைத்துவிடலாம், மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றார் அங்கிருந்த டாக்டர். நானும் என் கணவரும் ஊர் வழக்கப்படி அம்மனிடம் பூ போட்டுக் கேட்டோம். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனி இலையில் மடித்து அவள் முன்னால் போட, பூசாரி ஒன்றை எடுத்தார். வெள்ளை வந்தது. வெள்ளை என்றால் போகலாம். போனேன்.

ஆபரேஷன் முடிந்த இரண்டாவது வாரமே தையல் பிரிந்தது. இடது காம்பைச் சுற்றிக் கறுத்தது. கிளினிக்கின் போன் அணைத்தே கிடந்தது. என் கணவர் நேரில் போனார். பூட்டியிருந்தது.

மறுநாள் காலை கோவிலுக்குப் போனேன். கும்பிடவில்லை. திட்டினேன்.

"போன்னு சொன்னது நீதானே? இப்ப இன்னா வேடிக்க பாக்கறே? ஒண்ணு என்ன எடுத்துக்க. இல்ல, ஒரு ஆளக் காட்டு."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். என் வாழ்நாளில் நான் மனசாரச் செய்த பிரார்த்தனை அது ஒன்றுதான்.

எங்கள் ஊருக்கு அன்று வரவேண்டியவரே இல்லை கிராம நர்ஸ். வேறு ஊருக்குப் போகும் வழியில் ஸ்கூட்டர் பஞ்சராகி, அதைத் தள்ளிக்கொண்டு கோவில் வாசலுக்கு வந்தார். என் அருகில் வந்ததும் மூக்கைப் பொத்தினார்.

"இன்னாம்மா இது நாத்தம்? முந்தானைய எடு, பாக்கலாம்."

பார்த்தார். "அடிப்பாவி! இத வச்சிக்கினு சாமிகிட்ட சண்ட போட்டுனு இருக்கியா?"

அங்கிருந்தே ஆம்புலன்சைக் கூப்பிட்டார். அந்த இடத்தில் டவர் கிடைக்காது. அன்று கிடைத்தது.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி. என்னைப் பார்த்த பிளாஸ்டிக் சர்ஜன் ஒரு பெண். அவர் முதலில் கேட்டதே, "புகையிலை போடுவீங்களா?"

"போடுவேங்க. மலையில முக்காவாசிப் பேரு போடுவோம்."

"ஆபரேஷனுக்கு முன்னாடி அந்த டாக்டர் இதைக் கேக்கலையா?"

கேட்கவில்லை. புகையிலை ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், புண்ணை ஆறவிடாது, பல வாரம் முன்பே நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும் என்றார். அந்த ஆள் பிளாஸ்டிக் சர்ஜரியே படிக்காதவர் என்று பிறகு விசாரித்ததில் தெரிந்தது.

அழுகிய சதையை வெட்டி எடுத்தார்கள். இடது காம்பும் போனது. மாதக்கணக்கில் கட்டு. கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. குடம் எடுக்கக் கூடாது. மல்லாந்துதான் படுக்க வேண்டும். எனக்குத் தலை பின்னிவிட என் கணவர் கற்றுக்கொண்டார். கோணலாகத்தான் பின்னுவார். நானோ தினமும் அம்மனைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் சீப்பைக் கீழே வைத்தார்.

"போலாமான்னு கேட்டோம், சரின்னா. அந்தாளு இன்னா படிச்சிருக்கான்னு நாம கேட்டமா? அத்தயும் அவளே எறங்கி வந்து கேக்கணுமாடி?"

நானே சீப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

இப்போது புண் ஆறிவிட்டது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லை. இடது பக்கம் தொட்டால் உணர்ச்சி இல்லை. கண்ணாடியைப் பார்த்தால் இன்னும் கோபம் வருகிறது. ஆனால் உயிரோடு இருக்கிறேன். புகையிலையை விட்டுவிட்டேன். ஆளைக் காட்டு என்றேன், காட்டினாள். அதற்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நீங்களும் அவளை நம்புங்கள். திட்டியாவது கூப்பிடுங்கள், வருவாள். ஆனால் கத்தி எடுப்பவரிடம் நீங்கள்தான் வாயைத் திறக்க வேண்டும். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். மாதிரி பட்டம் வாங்கினீர்களா, மருத்துவக் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா, தையல் பிரிந்தால் நான் யாரிடம் வருவது என்று கேளுங்கள். முகத்தைச் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்கிற பெண்கள் என் வீட்டுக்கு வாருங்கள். ரவிக்கையை அவிழ்த்துக் காட்டுகிறேன். பார்த்த பிறகு கூச்சம் இருக்காது.